குளிர் மலையில் ஆமை ஓட்டுப் பூஞ்சணம்: சூடாக்கி உலர்த்தி ஆற்றும் முறை

நுவரெலியாவில் ஆமை வளர்ப்பவர் வீட்டில் மருந்துப் போத்தலுக்கு முன் ஒரு வெப்பமானி இருக்க வேண்டும். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை, மாசி விடியலில் புல்மேல் உறைபனி விழுவதும் உண்டு. கடைகளில் குஞ்சாக விற்கப்படும், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள செங்காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. தின்று செரித்து நோயையும் எதிர்த்து நிற்க அதற்கு 24 முதல் 27 பாகை வரை சூடான தண்ணீர் வேண்டும். ஏறிக் காய்வதற்கு 30 பாகைக்கு மேற்பட்ட ஓரிடமும் வேண்டும்.

மிசிசிப்பியிலும் குளிர்காலம் உண்டே என்று கேட்பார்கள். உண்டு. அங்கே தண்ணீர் 10 பாகையளவுக்கு இறங்கியதும் ஆமை தீனியை விட்டுவிட்டுக் குளத்தடியில் அடங்கிவிடும். பிறகு வெயில்காலம் வந்து நாள் முழுக்க முதுகைக் காய்த்துக்கொள்ளும். நம் மலையில் தொட்டித் தண்ணீர் 14, 16, 18 என்று நடுவிலேயே நிற்கிறது. அடங்கி உறங்கவும் வழியில்லை, தின்றதைச் செரிக்கவும் வழியில்லை. எதிர்ப்புச் சக்தி வாரக்கணக்கில் தாழ்ந்து கிடக்கும் நேரத்தில், வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் ஓடு காயவே காயாது. பங்கசு வேர்கொள்ள இதைவிட வசதி வேண்டியதில்லை. ஆகவே இங்கே சிகிச்சையில் முக்கால் பங்கு சூடும் உலர்வும். பூசும் மருந்து மீதிக் கால் பங்குதான் என்பது என் தீர்மானமான கருத்து.

முதலில் நோய்தானா என்று பார்க்க வேண்டும். ஓட்டின் மேற்பரப்பு நம் நகத்தில் உள்ள அதே கெரற்றின் தகடுகளால் ஆனது. அதற்கு அடியில் உயிருள்ள மெல்லிய தோல், அதற்கும் அடியில் எலும்பு. அந்த எலும்பு முதுகெலும்போடும் விலாவோடும் ஒன்றாக வளர்ந்தது. பங்கசு கெரற்றினோடு நிற்கும் வரை ஆமைக்கு ஆபத்துக் குறைவு. எலும்பைத் தொட்டுவிட்டால் இரத்தம் வரை போகப் பாதை கிடைத்துவிடும்.

வளர்கிற ஆமை தகடு உரிப்பது இயல்பு. உரிந்த தகடு கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியதாக, முழு வடிவத்தோடு வரும். அடியில் புதுத் தகடு வழவழவென்று கெட்டியாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்னொன்று வெள்ளைப் படிவு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவதால் அங்கே வளரும் ஆமையின் முதுகில் உப்புப் படிவது சகஜம்; பஞ்சில் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் துடைத்தால் போய்விடும். பச்சைப் பாசி பல் துலக்கும் தூரிகைக்கே போகும். இந்த மூன்றும் நோயல்ல.

நோய் வேறு மாதிரித் தெரியும். தண்ணீருக்குள் பார்த்தால் தகட்டின் ஓரத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ பஞ்சு ஒட்டியது போலிருக்கும்; வெளியே எடுத்தால் அது படிந்து, வழுக்கும் ஒரு தோலாகிவிடும். துடைத்த இடம் மங்கிச் சொரசொரப்பாக, சிறு குழியோடு இருக்கும். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள கோட்டில்தான் பெரும்பாலும் தொடங்கும். கல்லில் உராய்ந்த இடம், இன்னொரு ஆமை கடித்த இடம், அடியோட்டில் எப்போதும் ஈரத்தில் கிடக்கும் பகுதி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பெருவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வீட்டில் தொடங்கலாம்.

அழுத்தும்போது அமுங்கினாலோ, தகட்டின் அடியிலிருந்து நீர் கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ, அடியோட்டில் இளஞ்சிவப்பாக இரத்தம் பரவியிருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தக் கூடாது. அது பெரும்பாலும் பற்றீரியா சேர்ந்துகொண்ட புண். சிற்றோபாக்டர் போன்ற பற்றீரியா இரத்தத்தில் கலந்தால் வெளியே சிறு புண்ணாகத் தெரியும்போதே உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். தீனி எடுக்காமல், கண்ணைத் திறக்காமல், கையில் எடுத்தால் கால்கள் தொய்ந்து கிடக்கும் ஆமையும் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டியது.

வீட்டில் தொடங்குவதானால் முதல் வேலை மற்ற ஆமைகளிடமிருந்து பிரிப்பது. ஆமையைவிட நாலைந்து மடங்கு நீளமான ஒரு பிளாஸ்டிக் பேசின் போதும். அடியில் வெள்ளைத் துணி விரியுங்கள். வெள்ளையாக இருந்தால்தான் கசிவும் இரத்தமும் கண்ணில் படும். மண், மரத்தூள், செய்தித்தாள் துண்டு எதுவும் வேண்டாம். எல்லாம் புண்ணில் ஒட்டும். பேசினின் ஒரு முனைக்கு மேலே சூடு தரும் மின்குமிழ் ஒன்றைக் கட்டுங்கள். இப்போது வீடுகளில் இருக்கும் எல்ஈடி குமிழ் வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய இழைக் குமிழோ, ஊர்வனவற்றுக்கென்று விற்கும் சூட்டுக் குமிழோதான் உதவும். சங்கிலியாலோ கம்பியாலோ இறுகக் கட்ட வேண்டும். கயிறு கருகினால் குமிழ் ஆமைமேல் விழும். வெப்பமானியை ஆமையின் முதுகு மட்டத்தில் வைத்துப் பாருங்கள்: குமிழுக்குக் கீழே 30 முதல் 32 பாகை, மறுமுனையில் 25 பாகை. சூடு மிஞ்சினால் ஆமை விலகிப் போக இடம் இருக்க வேண்டும் என்பதால்தான் இரண்டு முனை. இரவில் பேசினைச் சாக்கால் பாதி மூடி, 22 பாகைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் சுடுநீர்ப் போத்தல் ஒன்றைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம்.

லயத்து வீடுகளில் சூடான இடம் என்றால் அடுப்படிதான். அங்கே மட்டும் வைக்காதீர்கள். கவ்வாத்து மிலாறு எரிந்து வரும் புகை ஆமையின் நுரையீரலுக்கு ஆகாது. உதரவிதானம் இல்லாததால் ஆமையால் நம்மைப் போல் இருமிச் சளியைத் தள்ள முடியாது. குளிரில் ஏற்கெனவே சளி பிடித்திருந்தால் புகை அதை நிமோனியாவாக்கிவிடும். அடுப்படியில் சமையல் நடக்கிறது என்பது இரண்டாவது காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இனிக் கழுவுதல். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மென்மையான பல் தூரிகையால், தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக, தகட்டுக் கோடுகளின் வழியே தேயுங்கள். தானாகக் கழன்று வருவதை வர விடுங்கள். நகத்தாலோ கத்தியாலோ நெம்பக் கூடாது. நெம்பிய தகட்டுக்கு அடியில் உயிருள்ள தோல் கிழிந்தால், மேலோடு நின்ற பங்கசுக்கு நாமே கதவு திறந்துவிடுகிறோம். செத்த கெரற்றினைச் சுரண்டி எடுப்பது தேவையான சிகிச்சைதான். ஆனால் அது வலியறியும் இடம், மயக்க மருந்தோடு வைத்தியர் செய்ய வேண்டியது.

அடுத்தது பொவிடோன் அயடீன். பாமசியில் 10 சதவீதக் கரைசலாகக் கிடைப்பதை அப்படியே ஊற்ற வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீர் 200 மில்லிலீற்றருக்கு 10 மில்லிலீற்றர் கலந்தால் ஏறக்குறைய அரைச் சதவீதக் கரைசல் கிடைக்கும். அளவுக் குவளை இல்லாத வீட்டில் சாயம் குறைத்து ஊற்றிய பிளேன்டீயின் நிறம் வந்தால் சரி. கடுஞ்சாய நிறத்துக்குப் போனால் தண்ணீர் சேருங்கள். செறிவு கூடினால் கூடுதலாகக் குணமாகும் என்பதில்லை. புதிதாக வளரும் தோலைத்தான் அது எரிக்கும். பஞ்சில் தொட்டு நோயுள்ள இடத்தில் 5 முதல் 10 நிமிடம் ஈரமாக வைத்திருந்து, நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, குமிழின் கீழ் அரை மணி நேரம் காய விடுங்கள். கண்ணிலும் வாயிலும் படக்கூடாது.

காய்ந்த பிறகுதான் களிம்பு. ஒரு சதவீத சில்வர் சல்பாடயசின் களிம்பை மிருக வைத்தியர்கள் அதிகம் விரும்புவார்கள். அது பற்றீரியாவையும் சில பங்கசுகளையும் சேர்த்தே அடக்கும். பங்கசு என்று உறுதியானால் ஒரு சதவீத குளோட்ரிமசோல். இரண்டில் எது என்பதை வைத்தியரிடம் தொலைபேசியிலாவது கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் மெல்லிய பூச்சாக, நோயிடத்தைச் சுற்றி ஒரு விரலகலம் வரை.

பாமசியில் ‘படைக்குக் களிம்பு தாருங்கள்’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். மனிதர்களுக்கு விற்கும் பல களிம்புகளில் பங்கசு மருந்தோடு பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். சிவப்பும் அரிப்பும் இரண்டு நாளில் அடங்குவதால் அது நல்ல மருந்தாகத் தோன்றும். ஸ்டீரொய்ட் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கும். ஆமையின் ஓட்டில் பங்கசு ஆழமாக இறங்க அதுவே வழிவிடும். பெட்டியில் எழுதியிருப்பதைக் கடைக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரே மருந்து உள்ளதாக வாங்குங்கள். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் ஆகியவை ஈரத்தை அடைத்து வைக்கும். மஞ்சளும் ஊதா மருந்தும் ஓட்டுக்குச் சாயமேற்றி, நோய் பரவுகிறதா நிற்கிறதா என்று பார்க்க முடியாமல் செய்துவிடும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்து சேர்ந்ததிலிருந்து மழை மாதங்களில் மலைக்குச் செப்பு மருந்து அடிப்பது நமக்குப் பழகிய வேலை. அதுவும் பங்கசு, இதுவும் பங்கசு, அதே மருந்தில் ஒரு துளி தடவினால் என்ன என்ற எண்ணம் எளிதில் வரும். தடவாதீர்கள். செப்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. இலைக்குள் ஊடுருவும் புதிய பங்கசுநாசினிகளும் ஆமையின் உடம்புக்கு ஏற்றவை அல்ல. மருந்து கலக்கிய வாளியைக்கூட ஆமைக்குத் தண்ணீர் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது.

களிம்பு பூசிய ஆமை நாளில் 22 மணி நேரமாவது உலர்ந்த பேசினில் இருக்க வேண்டும். மீதி ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரில். இதை விட முடியாது. செங்காது ஆமை தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும், குடிக்கும், கழிக்கும். தோள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், 26 பாகை சூடு. பீலித் தண்ணீரை நேரே ஊற்றினால் ஆமை விறைத்துவிடும். சுடுநீர் கலந்து வெப்பமானியால் பார்த்துவிட்டு இறக்குங்கள். தீனி முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழுவல், அயடீன், காய்தல், களிம்பு என்று அதே வரிசையைத் தினமும் தொடருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் பங்கசு திரும்பத் தலையெடுக்கும். ஐந்து சென்ரிமீற்றருக்கும் குறைந்த குஞ்சு சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால் அதற்குத் தண்ணீர் நேரத்தைப் பல தடவையாகப் பிரித்துக் கூட்டிக் கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்தால், கால் தோல் சுருங்கி நின்றால் வறட்சி. வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். எடை தொடர்ந்து இறங்குவது ஓட்டில் தெரியாத எச்சரிக்கை.

ஓடு வளரத் தீனி வேண்டும். வெறும் காய்ந்த இறால் பொட்டலம் கொடுத்து வளர்த்த ஆமைக்குத்தான் ஓடு மெலிந்து நோய் எளிதில் பிடிக்கும். முள்ளோடு சிறு மீன், உப்பில்லாத பச்சை நெத்தலி, கங்குன் கீரை, நுவரெலியாவில் தட்டுப்பாடில்லாத கரட்டைத் துருவியது என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பறவைக்கு விற்கும் கணவாய் ஓட்டைத் தண்ணீரில் போட்டால் கடித்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்துக்கு அது போதும். சோறும் பாணும் வேண்டாம். வெயில் வந்தால், காலை பத்து மணிக்கு மேல், பாதி நிழல் உள்ள பேசினில் வெளியே வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். காகமும் நாயும் கண்ணசரும் நேரம் பார்த்திருக்கும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் வெயிலில் சூடு மட்டும் வரும். உயிர்ச்சத்து டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் கண்ணாடியில் நின்றுவிடும். வெயில் இல்லாத மாதங்களுக்கு அந்தக் கதிர் தரும் விளக்கு வேண்டும். வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடுவதால் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு வாரத்தில் புதுப் புள்ளி வரக் கூடாது. இரண்டு வாரத்தில் நோயிடம் வறண்டு, விளிம்பு கெட்டிப்பட வேண்டும். இல்லையென்றால் வைத்தியரிடம்தான். இங்குள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி பார்ப்பவை. ஆனாலும் முதலில் அங்கே காட்டலாம், சரியான இடத்துக்கு வழிகாட்டுவார்கள். ஊர்வன நோய்க்கு நம்பிப் போகக்கூடியது பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை. நுவரெலியாவிலிருந்து றம்பொடை, கம்பளை வழியாகவும், ஹற்றனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகவும் போகலாம். ஆமையைத் தண்ணீரில் வைத்துக் கொண்டு போகாதீர்கள்; வளைவுகளில் தண்ணீர் அலைந்து மூக்கில் ஏறும். காற்றுத் துளையுள்ள பெட்டியில் துணி விரித்து, துவாய் சுற்றிய சுடுநீர்ப் போத்தல் ஒன்றோடு கொண்டு போங்கள். போகும் நாள் காலையில் களிம்பு பூச வேண்டாம், மாதிரி எடுக்கத் தடையாகும்.

அங்கே நோயிடத்தைச் சுரண்டி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் போட்டு நுணுக்குக்காட்டியில் பங்கசு இழை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வளர்ப்பு ஊடகத்தில் வளரவிட்டு இனம் காண நாட்கள் எடுக்கும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பது தெரியும். ஆழமாக இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு இற்றாகொனசோல், வொரிகொனசோல் போன்ற உள்மருந்து தருவார்கள். அவை ஈரலைத் தாக்கக்கூடியவை. ஆமையின் எடைக்குக் கணக்கிட்டுத் தரும் அளவை நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

சிறு புள்ளியை நம்பாதே என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து அனுபவமே சாட்சி. அங்கே மேற்குக் குளத்தாமை 1990இல் ஏறக்குறைய 150 மட்டுமே எஞ்சியிருந்தது. மிருகக்காட்சிசாலைகளில் குஞ்சுகளைப் பெரிதாக்கிக் குளங்களில் விட்டு எண்ணிக்கையை உயர்த்தினார்கள். பிறகு அந்த ஆமைகளின் அடியோட்டில் குழி விழும் நோய் தலைகாட்டியது. மேலே சிறு நிறமாற்றமாகத் தெரிந்த இடத்தில் உள்ளே எலும்பு வரை அரித்திருந்தது. அந்தப் புண்களில் கண்ட பங்கசுக்கு எமிடோமைசிஸ் டெஸ்ராவொரன்ஸ் என்று 2019இல் பெயரிட்டார்கள். அதுவரை அறிவியல் அறியாத இனம் அது. மிக மெதுவாக வளர்வதால் வழக்கமான வளர்ப்புச் சோதனையில் எளிதில் தப்பிவிடும்.

ஆமை பேசினில் இருக்கும் நாட்களில் தொட்டியை ஒழுங்காக்குங்கள். வடிகட்டியின் பஞ்சு, மரக்கட்டை, பிளாஸ்டிக் செடி எல்லாவற்றையும் எறியலாம். கண்ணாடியையும் கல்லையும் வெளுப்பு நீர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து கழுவி, மணம் போகும் வரை அலசி, காய விடுங்கள். கூர்க்கல் வேண்டாம். ஆமை முழு உடம்போடு ஏறி, அடி ஓடும் காயும்படி நிற்க ஒரு மேடை கட்டாயம். ஆமையைச் சுடாமல் தடுக்கும் கூடு உள்ள தண்ணீர் சூடாக்கி ஒன்று, அதற்கு மேல் குமிழ், இரண்டுக்கும் வெப்பமானி. மலையில் அறையே குளிராக இருப்பதால் கொழும்பில் போதுமாக இருக்கும் சூடாக்கி இங்கே போதாமல் போகலாம்.

மேலோட்டமான நோய் ஆறச் சில வாரம். எலும்பு வரை போனது மாதக்கணக்கில், சிலவேளை ஒரு வருடத்துக்கும் மேல். புண் வறண்டு, விளிம்பு இறுகி, அடியில் வெளிறிய புதுக் கெரற்றின் தெரியும்போது தண்ணீர் நேரத்தை மெல்லக் கூட்டுங்கள்: இரண்டு மணி, நாலு மணி, அரை நாள். தழும்பு நிற்கும். அது குறையல்ல.

ஒவ்வொரு தடவையும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். நலமான ஆமையின் உடம்பிலும் சல்மொனெல்லா இருக்கும். குழந்தைகளுக்கு அது பரவியதால்தான் அமெரிக்கா 1975இல் 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது. பேசினை அடுப்படியில் வைக்கவோ, பாத்திரம் கழுவும் இடத்தில் கழுவவோ வேண்டாம் என்பது இதனால்தான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டில் ஆமையே வேண்டாம் என்பேன்.

மேலே சொன்னதெல்லாம் கடையில் வாங்கிய செங்காது ஆமைக்கு. தாழ்நிலத்துக்குப் போன இடத்தில் பிடித்து வந்த காராமையையும் பாலாமையையும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். இரண்டும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சிங்களத்தில் கல் இப்பா, கிரி இப்பா என்பவை இவைதான். பாலாமையின் ஓடு தோல் மூடியது. அதை இப்படி நாள் முழுக்க உலர வைத்தால் செத்துவிடும். காயம்பட்டதைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

செலவும் அலுப்பும் தாங்காமல் செங்காது ஆமையைக் கிரகரி ஏரியிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடும் எண்ணம் வந்தால், தயவுசெய்து விடாதீர்கள். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்ட இனம் அது; நோயோடு போனால் நோயையும் கொண்டு போகும். சூடான வீடும் நேரமும் உள்ள வேறொருவரிடம் கொடுங்கள். இன்னும் வாங்காதவர்கள், முதலில் குமிழையும் சூடாக்கியையும் வாங்கித் தொட்டியை 26 பாகையில் ஒரு மழை மாதம் ஓட்டிப் பாருங்கள். அந்த மின்கட்டணத்தைக் கட்ட முடிந்தால் மட்டும் ஆமை வாங்குங்கள்.